இருக்கும்போதே துட்டி

தாராவியில் பேராச்சி வந்து அழுதால்தான் செத்தவர் முழுசாகச் செத்தார் என்று ஒரு பேச்சு இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துச் சனங்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த அந்தச் சந்துகளில், எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆள் அவளுக்குத்தான் போகும். துட்டி கேட்பது, அதாவது இழவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பது, மற்றவர்களுக்கு ஒரு கடமை. பேராச்சிக்கு அது கச்சேரி. சந்து முனையிலேயே குரலை எடுத்துவிடுவாள். வீட்டுக்குள் போனதும் செத்தவர் என்ன வேலை பார்த்தார், என்ன குணம், எதற்கு ஆசைப்பட்டார், யாரோடு மல்லுக்கு நின்றார் என்று உறவுக்காரர்களைக் குடைந்து குடைந்து கேட்பாள். கேட்டதையெல்லாம் பாட்டில் இறக்குவாள். இதற்கென்று எதுவும் வாங்கமாட்டாள். பிழைப்புக்கு மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் மாவாட்டினாள். அழுகை தனி.

அறுபதைத் தாண்டிய, புருஷனும் போய்ப் பிள்ளையும் இல்லாத ஒருத்திக்கு அப்படி ஒரு பேர் கிடைத்தது லேசுப்பட்ட காரியமில்லை. பேராச்சி அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அந்தப் பேருக்குத்தான் அந்த ஆடி மாசம் வேட்டு வைக்கப் பார்த்தது.

பம்பாயில் டிராம் வண்டிகளை நிறுத்திய வருஷம் அது. ஆடி பிறந்த ஜோரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் குழாயடியில் குடத்தோடு நிற்கும்போது, மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து முட்டைக் கூடையோடு வந்த சபுரா சொன்னாள்: “பூதத்தான் தவறிட்டாராம்லா. விடியக்காலம்.”

அங்கே நின்றவர்களில் ஒருத்தியாவது எந்தப் பூதத்தான் என்று கேட்டிருக்கலாம். குலசாமி பேரையே பிள்ளைக்கு வைக்கிற கூட்டத்தில், தடுக்கி விழுந்தால் ஒரு பூதத்தான் மேல்தான் விழவேண்டும். ஒருத்தியும் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே நினைப்பு, அடுத்த சந்தில் இருக்கிற பூமாரியின் மாமனார் என்று. அந்த மனுஷனைக் கண்ணால் பார்த்தே மாசக்கணக்காகிறது. கோலியை, அந்த ஒற்றை அறையை, விட்டு வெளியே வராத கிழவர் வேறு என்ன செய்வார், செத்துத்தானே போவார் என்று நினைத்துவிட்டார்கள்.

பேராச்சி நிரம்பாத குடத்தை அப்படியே விட்டுவிட்டு, ஏழெட்டுப் பெண்களைத் திரட்டிக்கொண்டு மழையில் கிளம்பினாள். சந்து முனை வந்ததும் தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். செத்தவர் என்ன வேலை பார்த்தார் என்பது அவளுக்குத் தெரியாது. அதனால் என்ன? அந்தச் சந்தில் பாதிப் பேர் தோல் வேலைக்காரர்கள்தான்.

“தோல் ஷாப்பு போனவரே, தொட்ட வேலை முடிச்சவரே,
சோறெடுத்து வச்சிருக்கு, சொல்லாமப் போனதென்ன!”

பூமாரி அடுப்படியில் குந்தியிருந்தாள். அவள் புருஷன் செம்பூரில் ஒரு கம்பெனியில் காலை ஷிப்ட்டுக்குப் போய்விட்டான். பேராச்சி உள்ளே நுழைந்து அவளைக் கட்டிப்பிடித்து ஓவென்று கதறினாள். திருநெல்வேலிப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அழுதுகொண்டே ஒருத்தி வந்து கட்டிக்கொண்டால் முதலில் சேர்ந்து அழவேண்டும். யாருக்காக என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். விவரம் விசாரித்துவிட்டு அழுதால் அந்த அழுகைக்கு மரியாதை இல்லை. ஊரில் இருக்கிற தன் தாய்க்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, தந்தி இவர்கள் கைக்கு வந்திருக்கிறது என்று பூமாரி முடிவு கட்டினாள். “என்னப் பெத்த அம்மா!” என்று அவள் போட்ட அலறலில் அடுப்பில் இருந்த கரண்டி தெறித்து விழுந்தது. மாமனாரைப் பெற்ற தாயாக நினைக்கிற மருமகளும் இருக்கிறாளே என்று பேராச்சி நெஞ்சு நெகிழ்ந்துபோய் இன்னும் ஒரு சுருதி ஏற்றினாள். வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். உடல் திரைக்குப் பின்னால் கிடக்கும் என்று பேராச்சி நினைத்தாள்.

திரை விலகியது. பத்து வருஷத்துக் கிழடு கூடியவர் மாதிரி, முகமெல்லாம் தாடியோடு பூதத்தான் நின்றார்.

“யாரும்மா தவறிட்டா?” என்று கேட்டார்.

பாட்டு பாதியில் நின்றது. ஒருத்தி வீறிட்டுக்கொண்டு மழைக்குள் ஓடினாள். பூமாரி மூக்கைச் சிந்திக்கொண்டு, “மாமா, எங்க அம்மை...” என்று ஆரம்பித்தாள்.

“ஒங்க அம்மையா?” என்றாள் பேராச்சி. “நான் ஒன் மாமனாருக்குல்லா அழுதேன்!”

பூதத்தான் அவளிடம் திரும்பினார். “எனக்கா? அப்பம் தோல் ஷாப்பு போனவன்னு பாடினியே, அது யாரு?”

“நீங்கதான் அண்ணாச்சி.”

“நான் எந்தக் காலத்துல தோல் ஷாப்பு வாசல மிதிச்சேன்?” என்றார் அவர். பிறகு அங்கிருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “ஒருத்தருக்கும் என்னப் பத்தி ஒண்ணும் தெரியல. சரி. செத்தாலும் அடுத்தவன் பாட்டுதான் நமக்கு வாய்க்கும் போல.”

திரையை இழுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அத்தனை வருஷம் எத்தனையோ வீடுகளில் அழுத பேராச்சிக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. ஆனால் அதை நினைத்து வருத்தப்பட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. பூமாரி எழுந்து இடுப்பில் கைவைத்துவிட்டாள்.

“ஆடி மாசம்! உசுரோட இருக்க மனுசனுக்கு நடுவீட்ல ஒப்பாரி! அத்தை போனதுலேருந்து அவுக ரெண்டு வாய் சோறு ஒழுங்காத் திங்கறதில்ல, ஒரு வார்த்தை பேசறதில்ல. ஏற்கெனவே போற வழியப் பாத்துக்கிட்டு இருக்காவ. இந்த ஆடி கழியறதுக்குள்ள அவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பேராச்சி பாடியே கொன்னுட்டான்னு தாராவி பூரா சொல்லுவேன். அப்புறம் எவ வாசல்ல ஒங்கள ஏத்துதான்னு பாப்போம் பெரியம்மா!”

செத்தது லேபர் கேம்ப் பூதத்தான் என்று பத்து மணிக்குள் தெரிந்துவிட்டது. பேராச்சி அங்கேயும் போனாள், அழுதாள். இந்தத் தடவை பாடுவதற்கு முன்னால் வாசலில் நின்ற ஆளிடம், “நல்லாப் பாத்தாச்சுல்லா?” என்று கேட்டுக்கொண்டாள்.

ஆனால் பாட்டில் மனசு ஒட்டவில்லை. பூமாரி சொன்னால் சொன்னதுதான், அந்த வாய்க்கு ஊரே பயப்படும். உயிரோடு இருப்பவரைப் பாடியே அனுப்பிவிட்டாள் என்று ஒரு சொல் விழுந்தால், பிறகு எந்த வீட்டிலும் அவளை வாசற்படி ஏறவிடமாட்டார்கள். அந்த வாசற்படிகளை விட்டால் பேராச்சிக்கு இந்த ஊரில் வேறு வாசல் கிடையாது. ஆக, ஆடி கழியும்வரை பூதத்தான் சாகக் கூடாது. அவருக்காக அல்ல, பேராச்சிக்காக.

மறுநாள் கேப்பைக் கஞ்சியும் மோர்மிளகாயும் எடுத்துக்கொண்டு போனாள். பூமாரி முறைத்தாள், ஆனால் வழியை விட்டாள். பூதத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பேராச்சி முதலில் பார்த்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, தப்பாப் பாடிட்டேன். தப்பான பாட்டு ஒரு ஆளு மேல கெடக்கப்படாது, சரியாப் பாடித் திருத்தணும். என்ன வேலை பாத்திய?”

அவர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

“சரி, கஞ்சியக் குடிங்க.”

“வேண்டாம்.”

“குடிக்காட்டா நான் எனக்குத் தெரிஞ்சதத்தான் பாடுவேன். தோல் ஷாப்பு போனவரே...”

“ஏ தாயி, நிறுத்து!” என்று எழுந்து உட்கார்ந்தார். இரண்டு மடக்குக் குடித்தார். “டிராம்ல இருந்தேன்,” என்றார். அவ்வளவுதான். மறுபடி படுத்துவிட்டார்.

இரண்டு மடக்குக்கு ஒரு சேதி. பேராச்சிக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. மறுநாள் பெரிய சொம்பாகக் கொண்டுபோனாள். அன்றைக்கு வந்தது மீதிக் கதை. தாதரில் டிராம் வண்டிகள் பிரிகிற இடத்தில் இரும்புக் கம்பியோடு நிற்பது அவர் வேலை. வண்டி எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கத்துக்குக் கம்பியைப் போட்டுத் தண்டவாளத்தைத் தள்ளிக் கொடுக்கவேண்டும்.

“என் கம்பி அசைஞ்சாத்தான் வண்டி கிங்ஸ் சர்க்கிள் பக்கம் திரும்பும்,” என்றார். குரலில் கொஞ்சம் மிடுக்கு வந்திருந்தது. “மத்தியானம் ஒங்க மதினி சோறு கொண்டாருவா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிப்பா. குறுக்க ஒரு வண்டி வந்து அவள மறைக்கும். வண்டி போனா சிரிச்சுக்கிட்டு நிப்பா. மறுபடி ஒரு வண்டி வரும். மறுபடி நிப்பா. ரோட்டத் தாண்டி வர மாட்டா, வெளையாட்டு அவளுக்கு.” கஞ்சிச் சொம்பைக் கீழே வைத்தார். “அவ போயிட்டா. அப்புறம் வண்டியும் பந்த் ஆயிருச்சு, நிறுத்திட்டான். இனி எது வெலகினாலும் அங்கன அவ நிக்க மாட்டால்லா.”

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? மனசைத் தேத்திக்கோங்க, எல்லாம் விதி, சாமியைக் கும்பிடுங்க. பேராச்சிக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஆறுதல் சொல்பவர்கள் இழவு வீட்டில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பாட்டுக்காரியின் வேலை கேட்டுக்கொள்வது. எதிராளியின் வாயில் இருப்பது முழுசாக வெளியே வரும்வரை விடாமல் கேட்பது.

“என்ன சேலை கட்டியிருப்பாவ மதினி?” என்று கேட்டாள்.

பூதத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. “பச்சை,” என்றார். “பச்சையில சின்னச் சின்னதா மஞ்சப் புள்ளி.” சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். திரைக்கு இந்தப் பக்கம் பூமாரியும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அழுது முடித்ததும் அவர் கேட்டது ஊறுகாய்.

அந்தக் கதையைப் பேராச்சி மாட்டுங்காவில் ஆட்டுரலில் குழவியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். அந்த வீட்டு நாகலக்ஷ்மி மாமிக்கு எழுபது வயது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஆபீஸ், மருமகள்கள் கோயில், சினிமா. உயிரோடு இருந்தவருக்கு ஒப்பாரி வைத்ததைக் கேட்டு மாமி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “எங்காத்துல யாரும் சாகலேடி பேராச்சி. ஆனா எங்கிட்டயும் வந்து ஒக்காந்து கேளேன்.”

பேராச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய இடத்திலும் இப்படியா? மாவு பொங்குகிற வரைக்கும் கேட்டாள் என்றுதான் சொல்லவேண்டும், வீடு திரும்ப விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. கஞ்சி அன்றைக்குத் தாமதம்.

“ஏன் பிந்தி வாரே?” என்று பூதத்தான் கோபித்துக்கொண்டார். சாகக் கிடந்தவருக்குக் கோபம் வந்தது பேராச்சிக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! விஷயத்தைச் சொன்னாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

“சந்து முனையில ஜெயினுலாப்தீன் பாய் இருக்காரு. தோல் பெட்டி செய்யற பட்டறைக்காரர். மவன்மாரு கைக்குப் பட்டறை போனதுலேருந்து மனுசன் என்னையவிட மோசம். நீ ஒத்தைக்கு எத்தனை வாசல்தான் ஏறுவே? அவர நான் பாத்துக்கிடுதேன்.”

மறுநாள் காலை பூதத்தான் நாவிதரைக் கூப்பிட்டார். தாடி போனதும் அவர் முகத்தைப் பார்த்த பூமாரி, தன் கல்யாணத்தில் பார்த்த மாமனார் திரும்பி வந்ததாகச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். குடையை எடுத்துக்கொண்டு அவர் சந்தில் இறங்கி நடந்தபோது குழாயடியே திரும்பிப் பார்த்தது. சிலர் பயந்தார்கள் என்பதும் உண்மை.

ஜெயினுலாப்தீன் பாய் கட்டிலில் இருந்தபடியே கண்ணைச் சுருக்கினார். “யாரு, பூதத்தானா? நீரு மவுத்தாப் போனீரு, ஒமக்குப் பாட்டெல்லாம் பாடினாவன்னு சொன்னாங்களே!”

“பாடினாவ பாய். நல்லாத்தான் இருந்துச்சு. அதான் ஒம்ம கேக்க வந்தேன்.”

“எங்க மையத்து வீட்ல சத்தம் போட்டு அழப்படாது வே.”

“பாட்டு வேண்டாம். கேள்வி மட்டும்தான். மொதமொத நீரு செஞ்ச பெட்டி என்ன நெறம்?”

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை பாய் பேசினார். முதல் பெட்டி செம்மண் நிறம். அதை வாங்கியவன் பிடியை உடைத்துக்கொண்டு சண்டைக்கு வந்ததும், பிறகு அவன் தங்கையையே பாய் நிக்காஹ் செய்துகொண்டதும் அவருடைய மகன்களுக்கே தெரியாத கதை. பட்டறையில் சுத்தியலை நிறுத்திவிட்டு மகன்கள் ஒட்டுக்கேட்டார்கள். அடுத்த வாரம் பாய், கைத்தடியை ஊன்றிக்கொண்டு, ஊரிலிருந்து புதிதாக வந்து எவரோடும் ஒட்டாமல் இருந்த ஆறுமுகத்தாயின் வாசலில் போய் நின்றார். ஆறுமுகத்தாய், நாலு நாள் பேசித் தீர்த்தபின், முழங்கால் வலிக்காரியான நூர் நிஷாவிடம் போனாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. கூட்டம் போடவில்லை, தலைவர் யாரும் கிடையாது. பேராச்சி குழாயடியில் நின்று சொன்னதுதான் சட்டம்: “புத்தி சொல்லப் போகாதிய, கேக்கப் போங்க. நடுவுல பூந்து ஒங்க கதைய அவுக்காதிய, அதுக்கு ஒங்க முறை வரும். அவுக தார சாயாவக் குடிக்காம வராதிய.” கிழவர்களுக்குக் கிழவர்களே போனார்கள். சின்னவர்கள் போனால் கிழவர்கள் நல்ல முகம் காட்டி அனுப்பிவிடுவார்கள், உள்ளதைச் சொல்லமாட்டார்கள். சந்துக்காரர்கள் இவர்களுக்கு முன்துட்டிக்காரர்கள் என்று பேர் வைத்துக் கேலி செய்தார்கள். இவர்களுக்கு அந்தப் பேர் பிடித்துப்போய்விட்டது. இப்போது இதற்கெல்லாம் பயிற்சி உண்டு, பேர் உண்டு என்கிறார்கள். இருக்கட்டும், நல்லதுதான். அன்றைக்கு இருந்தது ஒரு சொம்புக் கஞ்சி.

ஆடி கழிந்தது. பூதத்தான் சாகவில்லை, சாகிற உத்தேசமே அவரிடம் இல்லை. ஆவணி முதல் நாள் பூமாரி பாயசம் கொண்டுவந்து பேராச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “பெரியம்மா, நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். ஒங்க பேருக்கு ஒரு கொறையும் வராது.”

பேர் பிழைத்துவிட்டது. பேராச்சி ஆடிப் பாடியிருக்க வேண்டும். அவளோ மறுநாள் கதவைத் திறக்கவில்லை. மாவாட்டவும் போகவில்லை. கஞ்சி கொண்டுபோக இனி அவசியமில்லை, பூதத்தானே இரண்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறார். நாகலக்ஷ்மி மாமியைப் பார்க்க ஆறுமுகத்தாய் பஸ் ஏறிப் போகிறாள். எல்லாருக்கும் ஆள் இருக்கிறது. பாயில் சுருண்டு கிடந்தபோது பேராச்சிக்கு ஒன்று உறைத்தது. எத்தனை வீட்டுக் கதை அவள் நெஞ்சில் கிடக்கிறது! அவள் கதை எந்த நெஞ்சிலும் இல்லை. நாளைக்கு அவள் செத்தால் பாட ஆள் வேண்டுமானால் வருவார்கள். என்ன பாடுவார்கள்? நினைக்க நினைக்கத் துக்கம் பொங்கியது. அடுப்பு மூட்டவும் பிடிக்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் சந்து முனையில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. ஆண் குரல். சுருதி எங்கோ, தாளம் எங்கோ. பேராச்சி விருட்டென்று எழுந்தாள். யார் வீட்டில் சாவு? தனக்கு ஏன் ஆள் வரவில்லை? எந்த மடையன் இந்தக் கழுதைக் குரலில் பாடுகிறான்? கதவைத் திறந்துகொண்டு அவிழ்ந்த தலையோடு பாய்ந்தாள்.

முன்னால் ஜெயினுலாப்தீன் பாய் குடை பிடித்து வந்தார், வாயே திறக்காமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பின்னால் மாரில் அடித்தபடி பூதத்தான். அவருக்குப் பின்னால் ஆறுமுகத்தாயும், கையில் சொம்போடு பூமாரியும்.

“மாவாட்டப் போனவளே, மத்தவங்க கதை கேட்டவளே...” என்று இழுத்த பூதத்தான் அவளைக் கண்டதும் நிறுத்தினார்.

“அண்ணாச்சி, யாரு தவறிட்டா?”

“நீதான்.”

“நான் சாகலையே!”

“தெரியும். அதனாலதான் வந்தோம்,” என்றார் பூதத்தான். “ரெண்டு அடிக்கு மேல பாட்டு போக மாட்டேங்கு தங்கச்சி. ஒன்னப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியல. உள்ள போ. சொல்லு.”

பேராச்சி அவிழ்ந்த தலையை அள்ளி முடிந்துகொண்டு உள்ளே போனாள். நால்வரும் பின்னாலேயே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். ஜெயினுலாப்தீன் பாய் மட்டும் முழங்கால் மடங்காமல் கவிழ்த்த குடத்தின் மேல் உட்கார்ந்தார். பூமாரி சொம்பை நீட்டினாள்.

“மொதல்ல ரெண்டு மடக்கு,” என்றார் பூதத்தான். “குடிக்காட்டா எனக்குத் தெரிஞ்சதத்தான் பாடுவேன்.”

“ஐயோ, வேண்டாம்!” என்று வாங்கிக் குடித்தாள். கண்ணீரும் மூக்கும் கஞ்சியும் ஒன்றாக இறங்கின. யாரும் அழாதே என்று சொல்லவில்லை. காத்திருந்தார்கள்.

“என்ன கேக்கப் போறிய?” என்றாள் கடைசியில்.

“ஊர அழவச்சியே,” என்றார் ஜெயினுலாப்தீன் பாய். “நீ மொதமொத நெனைச்சு நெனைச்சுச் சிரிச்சது எப்பம்?”

பேராச்சி யோசித்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல மாறியது.

“சொன்னா வெளிய சொல்லப்படாது,” என்றாள். “சின்னப் பிள்ளையா இருக்கப்போ, ஒரு துட்டி வீட்லதான். செத்தவருக்கு இம்புட்டுப் பெரிய மீசை. அதுல ஒரு ஈ வந்து உக்காந்துச்சு. எங்க ஆத்தா பக்கத்துல உக்காந்து பாடிக்கிட்டு இருக்கா. ஈ அந்த மீசையில இருந்து எந்திரிச்சு, நேரா ஆத்தா மூக்குல...”

மீதியை அவளால் சொல்ல முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாய் குடத்திலிருந்து உருண்டார். ஆறுமுகத்தாய்க்குப் புரையேறியது. பேராச்சி வீட்டில் என்ன சத்தம், யாருக்கு என்ன ஆயிற்று என்று குழாயடியிலிருந்து பெண்கள் ஓடிவந்து வாசலில் முண்டியடித்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று தெரிந்தபிறகும், ஒருத்தியும் திரும்பிப் போகவில்லை.